பெண்களை வெறுக்கும் ஆண்கள்: ஒரு நாவல், ஒரு ஸ்வீடியப் படம், அதன் நீண்ட பதிப்பு, ஒரு ஹாலிவுட் படம்

ஸ்டீக் லார்சனின் மில்லேனியம் வரிசைப் படங்களின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு அடங்கிய பெட்டியை, அமெரிக்காவிலிருந்து அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் வாங்கி ஆசையோடு பிரித்தபோது, முதல் டிஸ்க்கை வீட்டு டிவிடி பிளேயர் அப்படியே திருப்பித் துப்பியது. அமெரிக்க டிவிடிகளின் மண்டலக் குறியீடு 1, இந்தியாவுக்குரியது 5. விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லா மண்டல டிஸ்க்குகளையும் ஏற்கும் பிளேயர் ஒன்றை உறவினரிடமிருந்து இரவல் வாங்கிய பிறகுதான் ஒன்பது மணி நேரப் படத்தைப் பார்க்க முடிந்தது. அதோடு, 2009ஆம் ஆண்டின் ஸ்வீடியத் திரையரங்கப் பதிப்பையும் 2011இல் டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய ஹாலிவுட் படத்தையும் நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன். நீண்ட பதிப்புக்குச் செலவிடும் பணமும் நேரமும் தகுமா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. கொலையாளியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மற்றபடி கதையின் சில முடிச்சுகளை அவிழ்க்காமல் ஒப்பிட வழியில்லை என்பதால், நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இதைப் பிறகு வாசிப்பது நல்லது.

லார்சன் ஸ்வீடனின் தீவிர வலதுசாரிக் குழுக்களைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிவந்த பத்திரிகையாளர். 2004 நவம்பரில், 50 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவர் எழுதி முடித்திருந்த மூன்று நாவல்களும் 2005 முதல் 2007 வரை ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்தன. முதல் நாவலுக்கு அவர் இட்ட பெயர் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்பதாகும். ஆங்கிலப் பதிப்பு அந்தப் பெயரைக் கைவிட்டு, நாயகியின் முதுகில் இருக்கும் பச்சைகுத்தலைத் தலைப்பாக்கி 'தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ' என்று வெளிவந்தது. ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, ஒரு பெண்ணின் தோற்றத்தைக் காட்டும் விளம்பரமாக அங்கேயே மாறிவிட்டது. இந்தப் படங்களை ஒப்பிடும்போது எனக்கு முதன்மையாகப் பட்ட அளவுகோல் இதுதான்: எந்தப் படம் அந்தப் பழைய தலைப்புக்கு உரியது, எந்தப் படம் புதிய தலைப்புக்கு உரியது?

கதையின் அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே. 'மில்லேனியம்' என்ற இதழை நடத்தும் மிக்கேல் புளூம்க்விஸ்ட், வென்னர்ஸ்ட்ரோம் என்ற தொழிலதிபர் தொடுத்த அவதூறு வழக்கில் தோற்று நிற்கும்போது, ஹென்ரிக் வாங்கர் என்ற முதிய செல்வந்தர் அவரை வடக்கே ஒரு தீவுக்கு அழைக்கிறார். 1966இல், 16 வயதில் காணாமல்போன ஹாரியட் என்ற பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். இந்தத் தேடலில் அவரோடு சேர்பவள்தான் லிஸ்பெத் சலாண்டர். கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழையத் தெரிந்தவள், சட்டப்படி ஒரு காப்பாளரின் பிடியில் இருப்பவள், யாரையும் நம்பாதவள்.

ஒரே ஒரு துப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பதிப்புகளை ஒப்பிட்டாலே பாதிக் கதை விளங்கிவிடும். ஹாரியட்டின் குறிப்பேட்டில் ஐந்து பெயர்களும் அவற்றுக்கு எதிரே ஐந்து எண்களும் இருக்கின்றன. மக்தா என்ற பெயருக்கு எதிரே 32016 என்றிருக்கிறது. பல ஆண்டுகளாக எல்லோரும் அவற்றைத் தொலைபேசி எண்கள் என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் முதல் இலக்கம் பைபிளின் மூன்றாம் புத்தகத்தையும், அடுத்த இரண்டு அதிகாரத்தையும், கடைசி இரண்டு வசனத்தையும் குறிக்கின்றன. அதாவது லேவியராகமம் 20:16. பெரும்பாலும் தண்டனைக்குரிய பெண்களைப் பற்றிய வசனங்கள் அவை. அந்த வசனங்களைப் பின்பற்றி யாரோ உண்மையிலேயே பெண்களைக் கொன்றிருக்கிறார்கள் என்பது அதிலிருந்து திறந்துகொள்கிறது.

நாவலில் இந்தப் புதிரை அவிழ்ப்பவள் மிக்கேலின் மகள். பைபிள் முகாம் ஒன்றுக்குச் செல்லும் வழியில் தந்தையைப் பார்க்க வருபவள், சுவரில் ஒட்டியிருக்கும் எண்களைப் பார்த்துவிட்டு, இவை பைபிள் வசனங்கள்தானே என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுகிறாள். ஃபிஞ்சர் படத்துக்குத் திரைக்கதை எழுதிய ஸ்டீவன் ஸைலியன் இதை நாவலில் உள்ளபடியே வைத்திருக்கிறார். ஸ்வீடியப் படத்தின் திரைக்கதையாசிரியர்களான நிக்கோலாய் ஆர்சலும் ராஸ்முஸ் ஹைஸ்டர்பெரியும் மகளையே கதையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அங்கே மிக்கேலின் மடிக்கணினியை ஸ்டாக்ஹோமில் இருந்தபடி வேவு பார்த்துக்கொண்டிருக்கும் லிஸ்பெத், அந்த எண்களைத் தன் திரையில் கண்டு, விடை தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியாமல், அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறாள். அந்த மின்னஞ்சலால்தான் அவள் அகப்படுகிறாள், இருவரும் சந்திக்கிறார்கள்.

நாவலுக்கு உண்மையாக இருப்பது ஹாலிவுட் படம், நாவலைத் திருத்தியது ஸ்வீடியப் படம். ஆனால் திருத்தமே மேலானது என்பேன். அடுத்தவர் கணினிக்குள் ஒளிந்திருப்பதே பாதுகாப்பு என்று வாழும் ஒருத்தி, ஒரு புதிரின் மீதுள்ள ஆசையால் அந்தப் பாதுகாப்பைத் தானே உடைத்துக்கொள்வது, அவளைப் பற்றிப் பத்துப் பக்கங்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது. மகளின் வழியாக வரும் விடை வெறும் தற்செயல். ரயில் கதவு மூடப்போகும் நேரத்தில் அவள் அதைச் சொல்வதாக ஃபிஞ்சர் படத்தில் அழகாகவே எடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் தற்செயல் தற்செயல்தான். வேற்றுமொழி மூலம் எப்போதும் நாவலை ஒட்டியே நிற்கும், ரீமேக்தான் விலகிப்போகும் என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். இங்கே நிலைமை தலைகீழ். அதனாலேயே ஃபிஞ்சர் படத்தை ரீமேக் என்று சொல்வதைவிட, அதே நாவலின் இன்னொரு திரையாக்கம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இயக்குநர் நீல்ஸ் ஆர்டன் ஒப்லெவ் டென்மார்க்காரர். அவருடைய படம் 152 நிமிடங்கள் ஓடுகிறது. நூமி ராபாஸ் இதில் காட்டும் லிஸ்பெத், அடிபட்டு இறுகிய உடம்பு. அவள் ஓர் அறைக்குள் வந்தாலே வெளியேறும் வழி எங்கே என்று கண்கள் தேடுவது தெரியும். ஃபிஞ்சர் படத்தில் ரூனி மாராவின் லிஸ்பெத் வேறு பிறவி. வெளுத்துப்போன புருவங்களோடு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல், சொற்களை எண்ணி எண்ணிச் செலவிடுகிறாள். ராபாஸிடம் சினம் மேலே கொதிக்கிறது, மாராவிடம் அது அடியில் உறைந்திருக்கிறது. லிஸ்பெத் சிறுமியாக இருந்தபோது தன் தந்தையைத் தீவைத்து எரித்த செய்தியை இருவரும் வெளிப்படுத்தும் விதமே போதுமான சான்று. நாவல் வரிசையில் இது இரண்டாம் புத்தகத்தில்தான் வெளிப்படுகிறது. இரண்டு படங்களும் அதை முன்னுக்கு இழுத்துக்கொண்டன. ஸ்வீடியப் படம் பழைய நினைவாகத் தீயையே காட்டிவிடுகிறது. ஃபிஞ்சர் படத்தில், மிக்கேலின் அருகே படுத்திருக்கும் மாரா, தந்தையைக் கொல்ல முயன்றதையும் எத்தனை சதவீதம் எரிந்தார் என்பதையும் கடைக்கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்கிறாள். காட்டியதைவிடச் சொன்னதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

இனி, பணம் கொடுத்து வாங்கிய நீண்ட பதிப்பு. மூன்று ஸ்வீடியப் படங்களையும் தலா ஒன்றரை மணி நேரம் கொண்ட இரண்டிரண்டு பகுதிகளாக விரித்து, ஆறு பகுதிகளாக 2010இல் ஸ்வீடன் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். பெட்டியில் இருப்பது அதுதான். எனவே இதை, இயக்குநர் தன் மனத்துக்கு நிறைவாகத் திரும்பத் தொகுத்த பதிப்பு என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம் நேரும். இது தொலைக்காட்சிக்கென்று அளந்து வெட்டிய வடிவம். முதல் படத்தை ஏறத்தாழ சரிபாதியில் நிறுத்தி, அடுத்த பகுதிக்குப் பெயர்களோடு புதிதாகத் தொடங்குகிறார்கள். கதை வேகம் பிடிக்கும் இடத்தில் இந்த இடைவெளி வருவது, பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே இலையை எடுத்துவிட்டது போல இருக்கிறது.

முதல் கதைக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பது ஏறத்தாழ அரை மணி நேரம். அதில் பெரும்பங்கு மில்லேனியம் அலுவலகத்துக்கும் அதன் ஆசிரியை எரிகா பெர்கருக்கும் போகிறது. நாவலில் எரிகா திருமணமானவர், மிக்கேலோடு நீண்டகால உறவும் உடையவர், அது கணவருக்கும் தெரியும். திரையரங்கப் பதிப்பில் இது ஓரிரு பார்வைகளில் முடிந்துபோக, லேனா எண்ட்ரே போன்ற நல்ல நடிகைக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது. நீண்ட பதிப்பு அந்தக் குறையைப் போக்குகிறது. மிக்கேல் ஒரு துப்பறிவாளர் அல்லர், இழக்க ஓர் இதழும் கூட்டாளிகளும் உள்ள பத்திரிகைக்காரர் என்பது இதில்தான் நிலைபெறுகிறது. ஆனால் விலையும் உண்டு. தீவில் தனியே உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் புரட்டும் மிக்கேலோடு நாமும் குளிரில் அடைபட்டிருக்கும் உணர்வுதான் திரையரங்கப் பதிப்பின் பலம். அவ்வப்போது ஸ்டாக்ஹோம் அலுவலகத்தின் வெளிச்சத்துக்குப் போய்வந்தால் அந்த அடைபட்ட உணர்வு கலைந்துவிடுகிறது.

அந்தப் புகைப்படக் காட்சியைக் குறிப்பிடாமல் கடக்க மனமில்லை. ஹாரியட் காணாமல்போன நாளில் ஊரில் ஓர் ஊர்வலம் நடக்கிறது. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நிற்கும் ஹாரியட்டின் முகம், அடுத்தடுத்த படங்களில் சிரிப்பை இழந்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் எதையோ, யாரையோ பார்த்து அஞ்சுவதாக மாறுகிறது. மிக்கேல் அந்தப் படங்களைக் கணினியில் வரிசையாக ஓடவிடும்போது, நின்றுபோன ஒரு பெண் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தலையைத் திருப்புகிறாள். அவள் பார்த்தது யாரை என்று தெரிய வேண்டுமானால், எதிர்ப்பக்கத்திலிருந்து அதே நொடியில் வேறொருவர் படமெடுத்திருக்க வேண்டும். துப்பறியும் கதைகளில் நான் கண்ட மிக நேர்த்தியான கண்ணிகளில் இதுவும் ஒன்று. இரண்டு இயக்குநர்களும் இதன் அருமை தெரிந்து அவசரப்படாமல் எடுத்திருக்கிறார்கள், அரை மணி நேரம் கூட்டியும் இதில் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை. ஆகவே முதல் கதையைப் பொறுத்தவரை, 152 நிமிடத் திரையரங்கப் பதிப்பே போதும்.

இரண்டாம், மூன்றாம் கதைகளில் தீர்ப்பு மாறுகிறது. டேனியல் ஆல்ஃபிரெட்சன் இயக்கிய அந்த இரண்டும் முதலில் தொலைக்காட்சிக்கென்றே திட்டமிடப்பட்டவை. முதல் படம் பெரும் வெற்றி பெற்ற பிறகுதான் அவற்றைச் சுருக்கித் திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள். எனவே அங்கே நீண்ட வடிவமே மூலம், திரையரங்கில் வந்தது துண்டு. பெண் கடத்தலைப் பற்றிய புலனாய்வு, லிஸ்பெத்தைத் தேடும் காவலர் குழு, பிறகு உளவுத் துறைக்குள் ஒளிந்திருக்கும் முதியவர்களின் கூட்டம் என்று பெயர்கள் பெருகிக்கொண்டே போகும் கதையை இரண்டேகால் மணி நேரத்தில் பார்த்தபோது, யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதே முதல் முறை எனக்குப் பிடிபடவில்லை. நீண்ட பதிப்பில் ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து பேச இடம் கிடைக்கிறது. படமாக்கம் எளிமையானது, தொலைக்காட்சித் தொடரின் ஒளியமைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் கதை நிற்கிறது.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. முதல் கதையில் லிஸ்பெத்தின் சட்டக் காப்பாளர் பியூர்மன் அவளுக்கு இழைக்கும் கொடுமையை அவள் மறைகாமிராவில் பதிவு செய்கிறாள். மூன்றாம் கதையின் நீதிமன்றத்தில், அவள் சொல்வதெல்லாம் மனநோயாளியின் கற்பனை என்று மருத்துவர் சாட்சி சொல்லும்போது, அந்தப் பதிவு திரையிடப்படுகிறது. மன்றமே வாயடைத்துப்போகிறது. ராபாஸ் அந்தக் காட்சியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்ற தலைப்பு தன் முழுப் பொருளைப் பெறுவது அங்கேதான். வெறுத்தவன் ஒரு கொலையாளி மட்டுமல்லன், காப்பாளரும் மருத்துவரும் அரசு அலுவலரும் கையொப்பமிட்டு நடத்திய வெறுப்பு அது. ஒன்பது மணி நேரத்தின் பயனும் இதுவே. தொடர்ச்சியே இல்லாமல் நின்றுபோன ஃபிஞ்சர் படத்தில், பியூர்மன் பகுதி பழிவாங்கிய ஒரு கிளைக்கதையாகவே எஞ்சிவிடுகிறது. ஃபிஞ்சரும் மாராவும் அடுத்த படத்துக்குத் திரும்பவில்லை. 2018இல் வேறோர் இயக்குநரும் வேறொரு நடிகையும், லார்சனுக்குப் பின் வேறொருவர் எழுதிய நான்காம் நாவலை எடுத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இதனால் ஃபிஞ்சர் படம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். தனிப் படமாக எடுத்துக்கொண்டால் நான்கில் கைத்திறன் மிகுந்தது அதுதான். படத்தொகுப்புக்காகக் கிர்க் பாக்ஸ்டருக்கும் ஆங்கஸ் வாலுக்கும் கிடைத்த ஆஸ்கர் வெறும் மரியாதைக்காகக் கொடுத்ததன்று. மிக்கேலும் லிஸ்பெத்தும் சந்திக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது, அதுவரை இரண்டு தனிக் கதைகளையும் மாற்றி மாற்றிப் பின்னி, ஒரு முறையும் தொய்வில்லாமல் நகர்த்தியிருக்கிறார்கள். டிரெண்ட் ரெஸ்னரும் ஆட்டிகஸ் ராஸும் தந்த இசை, மூடிய கதவுக்குப் பின்னால் ஓடும் இயந்திரம் போல விடாமல் முனகுகிறது. குறைகளும் உண்டு. ஸ்வீடனில் ஸ்வீடியர்கள் ஆளுக்கொரு சாயலில் ஸ்வீடிய வாடையோடு ஆங்கிலம் பேச, மிக்கேலாக நடிக்கும் டேனியல் கிரெய்க் மட்டும் லண்டனிலிருந்து அப்போதுதான் இறங்கியவர் போலத் தன் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலேயே பேசுகிறார். மேலும், பெயர்பெற்ற ஒரு நடிகருக்குக் கொடுத்திருக்கும் வேடத்தைப் பார்த்தவுடனே, இவ்வளவு பெரிய நடிகர் இவ்வளவு சிறிய வேடத்துக்கு ஏன் என்று நமக்குச் சந்தேகம் தட்டிவிடுகிறது. ஸ்வீடியப் படத்திலோ அதே வேடத்துக்கு, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாகக் காவல் அதிகாரியாக நடித்துப் பழகிய முகத்தைப் போட்டிருக்கிறார்கள். ஸ்வீடிய வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் எப்படித் திடுக்கிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நமக்கு அந்த அதிர்ச்சி கிடைக்க வழியில்லை.

நாவலில் மிக்கேல் சிறைக்குப் போய்வருகிறார். ஸ்வீடியப் படம் சிறையைக் கதையின் முடிவுக்குத் தள்ளியது, ஃபிஞ்சர் அதை அடியோடு நீக்கி, வழக்கில் சேமிப்பெல்லாம் போனது என்பதோடு நிறுத்திக்கொண்டார். மாறாக, லிஸ்பெத் பொன்னிறச் செயற்கை முடியணிந்து வென்னர்ஸ்ட்ரோமின் பணத்தை வங்கி வங்கியாகக் கறக்கும் பகுதிக்கு அவர் தாராளமாக இடம் கொடுக்கிறார். மர்மம் முடிந்த பிறகும் படம் நீள்கிறதே என்று பலர் குறை சொல்லும் பகுதி இது. அந்த நீளம் கடைசிக் காட்சிக்குத் தேவை என்பது என் கட்சி. நாவலில் லிஸ்பெத் மிக்கேலுக்காகக் கிறிஸ்துமஸ் பரிசாக எல்விஸ் படம் போட்ட ஒரு தகரப் பலகையை வாங்கிக்கொண்டு போய், அவர் எரிகாவோடு நடந்துவருவதைக் கண்டு அதைக் குப்பைத் தொட்டியில் எறிகிறாள். ஃபிஞ்சர் படத்தில் அது தோல் ஜாக்கெட்டாக மாறியிருக்கிறது. ஒருவருடைய உடம்பின் அளவை மனத்தில் வைத்து வாங்கும் பொருள் அது என்பதால், எறியும்போது வலி கூடுகிறது. ஸ்வீடியப் பதிப்புகள் இரண்டிலும் இந்தக் காதல் தோல்விக்கு இடமில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பியூர்மன் தொடர்பான காட்சிகள் எல்லாப் பதிப்புகளிலும் கடுமையானவை, பார்த்துவிட்டு எளிதாகக் கடந்துபோக முடியாதவை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் படங்கள் அல்ல இவை. 2012இன் தொடக்கத்தில் இந்தியத் தணிக்கை வாரியம் ஃபிஞ்சர் படத்தை வெட்டாமல் வெளியிட இசையவில்லை, வெட்டுவதற்கு ஃபிஞ்சர் தரப்பு உடன்படவில்லை. விநியோக நிறுவனமான சோனி இந்தியத் திரையரங்க வெளியீட்டையே கைவிட்டது. அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு இந்தப் படம் தொடக்கத்திலிருந்தே வீட்டுத் திரைப் படமாகவே இருந்துவருகிறது.

ஸ்வீடியத் திரையரங்கப் பதிப்பின் டிஸ்க்கில் ஆங்கில டப்பிங் தடமும் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். ராபாஸின் அடித்தொண்டைக் குரல் போனால் பாதி லிஸ்பெத் போய்விடுகிறாள். சப்டைட்டிலை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு ஸ்வீடிய மொழியிலேயே கேளுங்கள். என் பரிந்துரை இதுதான்: முதல் கதைக்குத் திரையரங்கப் பதிப்பு, அதன்பின் நீண்ட பெட்டியின் மூன்றாம் பகுதியிலிருந்து ஆறாம் பகுதி வரை, ஒரு வாரம் ஆறவிட்டுப் பிறகு ஃபிஞ்சர். முதல் கதைக்காக மட்டும் இந்தப் பெட்டியை வாங்குவது வீண்செலவு. மண்டலக் குறியீட்டை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஃபிஞ்சர் படத்தின் அமெரிக்க டிவிடியைப் பற்றியும் ஒரு சொல். கதையின் ஹேக்கர் வாசனைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, வெற்று டிஸ்க்கின் மேல் மார்க்கர் பேனாவால் யாரோ படப்பெயரைக் கிறுக்கியது போலவே சோனி அதை அச்சிட்டது. போலி டிஸ்க் கொடுத்துவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வாங்கியவர்களே குழம்பினார்கள். இரவல் பிளேயரைத் திரும்ப வாங்க வந்த உறவினர் மேசை மேல் கிடந்த அந்த டிஸ்க்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு செலவு பண்ணி வாங்கினேன்னு சொன்னியே, இது பர்மா பஜார் சரக்குல்ல?" என்று கேட்டார். அசல்தான் என்று நான் அட்டைப்பெட்டியைக் காட்டியும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.